பதினோராவது வீடு

ஏழைகளுக்கு அரசு இலவசமாக ஆடு கொடுத்த நாள் அது. கழுத்தில் மாலையோடு துள்ளி வந்த வெள்ளாட்டிடம் பேச்சியம்மாள் வீட்டு நாய் ஓடியது.

"வா தங்கச்சி. பாலில்லாம எங்க வீட்டுக் குழந்தை அழுவுது. உனக்கு அகத்திக்கீரை ஒடிச்சு வச்சிருக்கோம்."

"இருண்ணே, முதல்ல போட்டோ."

பேச்சியம்மாள் கையில் கயிற்றைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் அதிகாரி கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றது நாய்.

"அடுத்த வீட்டுக்கு. காலையிலேர்ந்து இது பதினோராவது வீடு. தனி ஆளா எத்தனை வீட்டு வறுமையை ஒழிச்சிருக்கேன், பாருண்ணே."

நாய் கயிற்றைக் கவ்விக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்தது.

"விடுண்ணே, மாலை வாடிடும்."

நாய் விடவில்லை. காலையில் இதே ஆட்டுக்கு வாலாட்டிய பத்து வீட்டு நாய்களும் ஒவ்வொன்றாக வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தன.