இல்லாத தட்டு

விஸ்வநத்தம் சமுதாயக் கூடத்தில் மனநலக் காப்பகப் பெண்களின் ஊமை நாடகம் நடக்கிறது. சன்னல்வழி மாலை வெயில் விழும் மேடையில் பொன்மணி வெறுங்கைகளால் பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து திணிப்பதுபோல் நடிக்கிறாள். முன்பு பட்டாசுத் தொழிற்சாலையில் அவள் மருந்துத் தட்டைத் தரையில் இழுத்தபோதுதான் உராய்ந்து தீப்பற்றி, அருகிலிருந்த தோழி இறந்தாள். ஒத்திகைதோறும் அந்த இடத்திலேயே அவள் உறைந்துபோயிருக்கிறாள். இன்றும் இல்லாத தட்டை இழுக்கத் தொடங்கிய கைகள் பாதியில் நின்றுவிடுகின்றன. முன்வரிசையில், நகக்கண்களில் பட்டாசு மருந்தின் அலுமினியத் தூள் மின்னும் ஒருத்தி பதறி எழுகிறாள். "யக்கா, இழுக்காதீக! தூக்கி வைங்க!" "ஏ புள்ள, அது வெறுங்கை" என்கிறான் அவள் கணவன். "வெறுங்கைன்னா நீங்க எதுக்குக் காலை மடக்குனீக?" வரிசை முழுவதுமே தீப்பொறிக்கு அஞ்சிக் கால்களை மடக்கியிருக்கிறது. பொன்மணி குனிந்து, இரு கைகளாலும் தட்டைத் தூக்கி, ஓசையின்றித் தள்ளி வைக்கிறாள். பிறகு, முதல் முறையாக, அடுத்த குழாயை எடுக்கிறாள்.