மூன்றாம் ஓலை

"கடைசிக் காலத்து உபத்திரவம் வர்றதுக்கு முன்னாலேயே ஆண்டவர் நம்மளை மேலே எடுத்துக்கிடுவார். அதுல மாத்துப் பேச்சே கிடையாது, சம்பந்தி" என்றார் தேவசகாயம்.

"பின்னாலதான். உபத்திரவம் பூராவும் பட்டு முடிச்ச பிறகுதான். சம்பந்தின்னு கூப்பிடுறதையும் அதுக்கப்புறம் பார்த்துக்கிடலாம்" என்றார் வேதமாணிக்கம்.

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மாசிலாமணி உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கேள்வி எழுந்தால் உடனே ஒரு பாட்டை எடுத்துவிடுவார். இங்கே பாட்டு எடுபடாது.

பிரிக்பீல்ட்ஸ் வேதக்கோயிலில் சனிக்கிழமை மத்தியானம். ரயில்வே பட்டறையில் பிட்டராக இருக்கும் தேவசகாயத்தின் மகள் சலோமிக்கும், சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி வேதமாணிக்கத்தின் மகன் சத்தியநாதனுக்கும் சம்பந்தம் பேசி முடித்தவர் உபதேசியார்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டிய திருமண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலை நாளைக்கு. விருந்துக்கென்று பாசாரில் பிடித்து வந்த ஆடுகள் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தன.

அவர் முன்பு பேசிய சம்பந்தங்கள் எல்லாம் பாதியில் நின்றவை. இதுவும் நின்றால் பிறகு எந்த வீட்டிலும் அவரைக் கல்யாணப் பேச்சுக்குக் கூப்பிட மாட்டார்கள். போன வாரம்வரை இந்த இருவரும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் கைவிட்டவர்கள். திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தச் சண்டை என்று அவருக்குப் புரியவில்லை.

ஓலை வாசித்த பிறகு பெண் பிடிக்கவில்லை, பையன் பிடிக்கவில்லை என்று நிறுத்தினால் இரண்டு வீட்டுக்கும் ஆயுளுக்கும் பகை. வேதத்துக்காக நிறுத்தினால் பகை இல்லை, பெருமை. உபதேசியாரின் பயமே அதுதான்.

தேவசகாயத்தைத் தனியே கோயிலுக்குப் பின்புறம் அழைத்துப் போனார்.

"ஒரு வசனத்துக்காகப் பிள்ளையோட வாழ்க்கையைக் கெடுக்கலாமா, அண்ணாச்சி?"

"பிள்ளையோட வாழ்க்கையை நினைச்சுத்தான் நிக்கிறேன்."

என்ன பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டே உபதேசியார் வேதத்தைத் திறந்தார். ஒரு வசனத்திலிருந்து இன்னொரு வசனத்துக்குத் தாவினார். எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்த தேவசகாயத்துக்கு இவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் முகம் தொங்கிப் போய், சரி, பின்னால் என்றே வைத்துக்கொள்வோம் என்றார்.

உபதேசியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேதமாணிக்கத்திடம் ஏறக்குறைய ஓடினார்.

"கிராணியாரே, அண்ணாச்சி ஒத்துக்கிட்டார். பின்னாலதானாம். நாளைக்கு ஓலை வாசிச்சிரலாம்."

வேதமாணிக்கத்தின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். வெற்றிலையை மென்றார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். வேதத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் புரட்டினார்.

"இப்பத்தான் ஆர அமர வாசிச்சுப் பார்த்தேன். அவர் முதல்ல சொன்னதுதான் சரி. முன்னாலதான்."

உபதேசியார் அவசரமாகத் தேவசகாயத்தைப் பார்த்து, அண்ணாச்சி பழையபடி முன்னால் என்றே சொல்லிவிட்டால் போதும் என்று கெஞ்சினார்.

"அதெப்படி? நீங்க இவ்வளவு நேரம் வசனம் வசனமா எடுத்துக் காட்டினீங்களே. நான் இனிமே பின்னாலதான்" என்றார் தேவசகாயம். இப்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. கொள்கை ஒத்துவராத வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று இருவரும் ஒருவர் போலச் சொன்னார்கள். எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். கல்யாணம் முறிந்தவர்கள் அவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்று உபதேசியார் பார்த்ததில்லை.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

ஆராதனை முடிந்து, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் போன பிறகு, சலோமி பெஞ்சிகளை ஒதுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சத்தியநாதனும் அவரிடம் படித்து அங்கேயே பாடம் எடுக்க வந்தவர்கள். ஆறுதல் வார்த்தையை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு உபதேசியார் அருகில் போனார்.

"அழாதேம்மா. என்னால முடிஞ்சதைச் செஞ்சு பார்த்தேன்."

சலோமி திரும்பினாள். அவள் அழவில்லை.

"நீங்க அப்பாவை மடக்கிட்டீங்கன்னு கேட்டதும் எனக்கு உயிரே போயிருச்சு, உபதேசியாரே. நல்லவேளை, கிராணியார் மாமா சமாளிச்சுட்டார்."

உபதேசியார் பெஞ்சியில் உட்கார்ந்தார்.

சத்தியநாதன் விரும்பும் பெண் ஒருத்தி காப்பார் ஊரில் இருக்கிறாள் என்றாள் சலோமி. தனக்கு நர்ஸ் வேலைக்குப் படிக்க வேண்டும். சலோமி தன் அப்பாவிடம் அழுதாள், சத்தியநாதன் தன் அப்பாவிடம் அழுதான். பிள்ளை வேண்டாம் என்கிறது என்று சம்பந்தி வீட்டில் சொல்லும் தைரியம் இரண்டு அப்பாக்களுக்கும் இல்லை.

"அதான் அப்பாவுக்கு முன்னால, மாமாவுக்குப் பின்னாலன்னு நாங்க ரெண்டு பேரும் இதே பெஞ்சியில உட்கார்ந்து பிரிச்சுக்கிட்டோம். எதிர்ல இருக்கிறவர் எதைச் சொன்னாலும் மாத்திச் சொல்லுங்கன்னு வீட்டுல சொல்லி வச்சோம். எங்களுக்காக ரெண்டு பேரும் ஒரு வாரமா வேதம் படிச்சாங்க, பாவம்."

"சண்டை போட உங்களுக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" என்று மெல்லக் கேட்டார் உபதேசியார்.

"தீராத சண்டையா ஒண்ணு வேண்டியிருந்துச்சே" என்றாள் சலோமி. "இதை மட்டும் கிளப்பாதீங்க பிள்ளைகளா, ஆண்டவரே வந்தாத்தான் தீரும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதானே."