இழுவை

மேட்டின் பாதியில் வெல்டர் தானே பற்றவைத்துச் செய்த நாலு சக்கர பைக் அலறிக்கொண்டு நிற்கிறது, ஓரங்குலம்கூட ஏறவில்லை. அவன் ஆக்ஸிலேட்டரை முடிந்தமட்டும் முறுக்கிப் பிடித்திருக்கிறான். சாய்ந்த வெயிலில் கிளட்ச் கருகும் புகை கண்ணைக் கரிக்கிறது. பின்னால் அவன் முதுகில் அக்கா சாய்ந்திருக்கிறாள். பாம்பு கடித்த கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்துகிடக்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரி. "இறங்கிக்கவாடா?" என்கிறாள். "நீ அசையாம இரு, அக்கா." அவனே குதித்து இறங்குகிறான். ஒரு கை ஆக்ஸிலேட்டரை முறுக்க, தோளைக் கொடுத்துத் தள்ளுகிறான். சக்கரம் அரைச் சுற்று உருண்டு பின்வாங்குகிறது. போன வாரம்தான், வேகம் போதவில்லையென்று, பின்சக்கரத்தின் பெரிய ஸ்ப்ராக்கெட்டை, செயின் ஓடும் பல்சக்கரத்தை, கழற்றிச் சின்னதை மாட்டினான். சமதரையில் வண்டி பறந்தது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வேகம் வந்த வண்டிக்கு இழுவை போய்விட்டதென்று இப்போதுதான் உறைக்கிறது. அந்தப் பெரிய பல்சக்கரம் வீட்டில், சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது. அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. "போன மாசம் ரெண்டு மூட்டை சிமெண்டோட நானே இதுல இந்த மேடு ஏறினேனேடா," என்கிறாள். நாக்கு குழறுகிறது. "இன்னிக்கு நான் அவ்ளோ கனமாவா இருக்கேன்?"