ஹோன் அடிக்கக் கூடாத இடம்

வில்பத்துக் காட்டின் கடலோர விளிம்பான குதிரைமலையில் மாலை வெயில் செம்மண் பாறை மேல் எரிகிறது. சபாரி ஜீப்பில் வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிபானா மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறாள். கற்பிட்டியிலிருந்து படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போன அவள் கணவன் சுஹைரும் அவள் தம்பி நஜாத்தும் திரும்பாமல் இன்று நான்காம் நாள். உயரத்தில் நின்று தேடலாம் என்றுதான் யானை பார்க்க வந்தவர்களோடு இவளும் ஏறி வந்தாள். இப்போது கீழே ஒரு நீலப் படகு இயந்திரச் சத்தமின்றி மிதக்கிறது. அதன் பக்கத்தில் மஞ்சள் கோடு. போன மாதம் அவளே தீட்டியது. நீரோட்டம் அதைக் கரையை விட்டு வெளியே இழுக்கிறது. அவள் கத்துகிறாள், காற்று அவள் குரலைக் காட்டுப் பக்கமே தள்ளுகிறது. ஓடிப்போய் ஜீப் சாரதியை அண்ணன் முறை சொல்லி அழைத்துக் கையைப் பிடிக்கிறாள். "நானா, ஹோன் அடிங்க!" "காட்டுக்குள்ள ஹோன் அடிச்சா என்ட பெர்மிட்டப் புடுங்கிடுவாங்க தங்கச்சி. ஆன மெரண்டா ஆரு பதில் சொல்ற?" "ஆனைக்குப் பாக்கிறீங்களே, அங்க கெடக்கிறது ரெண்டு மனுசர் நானா!" சாரதி கூட வந்த பூங்காக் காவலரைப் பார்க்கிறார். காவலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார். ஹோன் அலறுகிறது. புதரிலிருந்து பறவைகள் சிதறி எழுகின்றன. படம் எடுத்தவர்கள் காதைப் பொத்துகிறார்கள். படகில் அசைவே இல்லை. சாரதி கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார். மெல்ல, படகின் விளிம்புக்கு மேல் ஒரு கை எழுகிறது. சிபானா மற்ற ஆளின் கைக்காகக் காத்திருக்கிறாள்.