ஒரு வருஷம், ஒரு மில்லிமீட்டர்

உச்சிவெயில் கிடங்கின் தகரக் கதவுக்கடியில் புகுந்து தரையில் வெள்ளைத் துண்டாகக் கிடக்கிறது. சாப்பாட்டு மணி அடித்தாயிற்று. பார்சல் கட்டுகிற அக்கா, பெட்டிகளை அளந்து அளந்தே ‘அடிஸ்கேல்’ என்று பெயர் வாங்கியவள், டப்பாவைத் திறக்காமல் சிமெண்ட் தரையில் மண்டியிட்டுப் பழுப்பு டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறாள். செல்போன் செயலி ஒன்றால் உலகப் பணக்காரரான முதலாளிக்கு, கூலியைக் கூட்டினால் கட்டுப்படியாகாது என்று காலையில்தான் சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். “நம்ம ஒரு வருஷச் சம்பளத்தை ஒரு மில்லிமீட்டர்னு வெச்சுக்குங்க,” என்கிறாள் சுற்றி நிற்பவர்களிடம். நுனியிலிருந்து அளந்து சிவப்புப் பேனாவால் கோடு போடுகிறாள். அவளுடைய பன்னிரண்டு வருஷ உழைப்பு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடுகிறது. “இப்ப முதலாளியோட சொத்து. பேப்பர்லயே போட்டிருக்கான்.” குனிந்தபடியே பின்னால் நகர்கிறாள். டேப் கர்ரென்று கத்திக்கொண்டு உரிகிறது; பெட்டி அடுக்குகளைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, வாசல்வரை. நூறு மீட்டர் ரோல் தீர்ந்துவிடுகிறது. “அவ்வளவுதானா?” என்கிறார் லாரி ஓட்டுகிற அண்ணன். “இதே மாதிரி இன்னும் தொண்ணூத்தொம்பது ரோல் வேணும்ண்ணே.” சூப்பர்வைசர் அரக்கப்பரக்க ஓடிவருகிறார். “கம்பெனி டேப்பும்மா அது! உன் சம்பளத்துல பிடிச்சிடுவாங்க!” அவள் நிமிராமல் அடுத்த ரோலின் நுனியை நகத்தால் தேடுகிறாள். “பிடிச்சுக்கட்டும் சார். எத்தனை மில்லிமீட்டர்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”