துணைக்குப் போனவன்

"என்னை வெட்டிப் போட்டாலும் அந்தக் குழாவை நான் முழுங்க மாட்டேன்!"

லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுக்குள் உட்கார்ந்துகொண்டு தேசப்பன் கத்தினார். கீழே அவர் மனைவி மாலா தலையில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் நின்ற பிராங்க்ளின் அவரை நிமிர்ந்து பார்த்தான். மூன்று மாதமாக அவன் தன் மனைவி மேரியிடம் சொல்லி வரும் அதே வார்த்தைகள்.

பிராங்க்ளின் தோணிரேவுக்காரன். பழவேற்காடு ஏரியில் நண்டு பிடிப்பவன். குடித்துக் குடித்து ஈரல் சுருங்கி, ஒருநாள் வாசலிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தான். சென்னை ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, உணவுக்குழாயில் வீங்கி வெடித்திருந்த ரத்தக்குழாயைக் கட்டி உயிரைக் காப்பாற்றினார்கள். அப்போது அவனுக்கு நினைவே இல்லை.

"மறுபடியும் வெடிக்காம இருக்கணும்னா இன்னும் ரெண்டு மூணு தடவை வந்து மிச்சத்தையும் கட்டிக்கணும்" என்றார் டாக்டர்.

குடியை விட்டான். மாத்திரையைத் தவறவிடவில்லை. ஆனால் விழித்துக்கொண்டே குழாயை விழுங்க வேண்டும் என்றதும் வெலவெலத்துப் போனான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று தேதியிலும் விடியும் முன்பே ஏரிக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

மேரி அழுதாள், சண்டை போட்டாள். போன வாரம்தான் திடீரென்று அடங்கினாள்.

"நீ போவாட்டி போ. ஆஸ்பத்திரியில பழக்கமான மாலாக்கா வீட்டுக்காரருக்கும் இதே சீக்கு. உன்னைவிட பயந்தாங்கொள்ளியாம். நாலு தபா பண்ணிக்கினேன்னு சொல்லி அவரையாச்சும் அனுப்பி வையி. ஒரு உயிரு பொழைக்கும்."

நர்ஸிடம் கேட்டு வந்த விவரத்தையெல்லாம் அவனை ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்பியிருந்தாள்.

பிராங்க்ளின் படகில் தொற்றி ஏறி, தேசப்பன் எதிரே உட்கார்ந்தான்.

"ணா, நான் நாலு தபா பண்ணிக்கினவன். சொம்மா ஜுஜுபி."

"இன்னா பண்ணுவாங்க?" தேசப்பன் சந்தேகமாகப் பார்த்தார்.

"மொதல்ல தொண்டையில மருந்து அடிப்பாங்க. கசக்கும். அப்புறம் மரத்துப் பூடும். ஒருக்களிச்சிப் படுக்க வெச்சி, பல்லு நடுவுல ஒரு வளையம் குடுப்பாங்க. குழா நுனியில கேமரா. வீங்கினதை அப்படியே உறிஞ்சி இழுத்து, ரப்பர் வளையத்தை மாட்டி வுட்டுருவாங்க. நண்டுக் கொடுக்குல ரப்பர் மாட்டறோமில்ல, அப்படித்தான். கொஞ்ச நாள்ல அது சுருங்கி உதுந்துடும்."

"மூச்சு முட்டாது?"

"மூக்கால வுடணும்ணா. குமட்டும், ஆனா பயப்படக்கூடாது. கால் மணி நேரம்தான். ரெண்டு நாளைக்கு ஆறின கஞ்சி."

"செத்துகித்துப் பூட்டேன்னா?"

"கட்டிக்காம இருந்தாதாண்ணா அந்த பயம்!" என்றான் பிராங்க்ளின் வேகமாக. சொன்ன பிறகு அவனுக்கே என்னவோ போலிருந்தது.

தேசப்பன் தாடையைச் சொறிந்தார். "சரி, நாளைக்குப் போலாம். ஆனா நீயும் துணைக்கு வரணும்."

"நா... நானா? வரேண்ணா. அதுக்கு இன்னா?"

மறுநாள் பழவேற்காட்டில் நான்கு பேரும் பஸ் ஏறினார்கள். பிராங்க்ளின் டீகூடக் குடிக்கவில்லை. "அவரு வெறும் வயித்துல வரசொல்ல, நீ எதிர்ல குடிச்சா நல்லாவா இருக்கும்?" என்று மேரி தடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில், குழாய் விடும் அறை வாசலுக்கு வந்ததும் தேசப்பன் தூணைக் கட்டிக்கொண்டார்.

"முடியாது! மொதல்ல நீ போய்ட்டு முழுசா வா. அப்பதான் நம்புவேன்."

"நானா? எனக்கு இன்னிக்குத் தேதி இல்லியேணா..."

"இன்னிக்குத்தான் தேதி. சீட்டும் எடுத்தாந்துக்கீறேன்" என்று மேரி பையைத் திறந்தாள்.

பிராங்க்ளின் வாசல் கேட்டைப் பார்த்தான். ஓடிவிடலாம். ஆனால் அவன் ஓடினால் தேசப்பனும் ஓடுவார். நடுக்கடலில் ரத்தம் கக்கினால் அவரைத் தூக்கி வர யார் இருக்கிறார்கள்? தூணைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"பாத்துக்கினே இருங்கணா" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக்கி மூடித் திறந்து உள்ளே போனான்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"ணா! நான் சொன்ன மாதிரியேதாண்ணா! ஒண்ணுகூட மாறல!" குரல் கரகரத்தது. "மூணு வளையம் போட்டுக்கீறாங்க. இன்னும் ஒரு தபா வந்தா போதுமாம். மேரி, நான் பண்ணிக்கினேன்டி!"

மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிராங்க்ளின் தேசப்பனின் கையைப் பிடித்துத் தூணிலிருந்து விடுவித்தான்.

"இப்ப நீங்க போங்கணா. நான் இங்கியே நிக்கிறேன், எங்கியும் போவல."

அந்த நேரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நர்ஸ், தேசப்பனைக் கண்டதும் சிரித்துவிட்டாள்.

"அட, நீங்களா? உங்களுக்குத்தான் போன வருஷமே எல்லாம் கட்டி முடிச்சாச்சே! பயப்படுற மாதிரி நடிச்சு நீங்க கூட்டிட்டு வர்றதுல இவரு எத்தனாவது ஆளு?"