கேஸ் ஷெட்டில் கதம்பம்

“பூவை எடுத்துட்டு உள்ள வா பானு.”

தினமும் இதே பாட்டுதான். மணப்பாறை ரோட்டு முறுக்குக் கம்பெனியில் கேஸ் ஷெட்டுச் சாவி இருப்பது பிரேமலதா அக்கா இடுப்பில். அவளுக்குத் துணையாள் பானுப்ரியா. புதுசாகக் கல்யாணமானவள்.

பானுவின் புருஷன் காலையில் ஸ்ரீரங்கம் கோபுரத்தடியில் கதம்பம் வாங்கி, தன் கையாலேயே வைத்துவிட்டுத்தான் அவளை பஸ் ஏற்றுவான். அந்த வாசத்திலேயே மிதந்து வருவாள். கீழே போவது காவிரிப் பாலமா, ஆகாசமா என்றே தெரியாது.

இறங்கினால் இந்த அக்கா.

முறுக்கு சுற்றுகிற பெண்களும் தலைநிறைய பூ வைத்துத்தான் வருகிறார்கள். அவர்களை அக்கா ஒன்றும் சொல்வதில்லை. பானுவிடம் மட்டும், “கேஸ் ஷெட்டுக்குள்ள பூ வேணாம்.” காரணம் கேட்டால் பதில் கிடையாது.

“பூவுல தீப்பிடிக்குமாடி?” என்று சிரிப்பாள் முறுக்கு சுற்றுகிற ஜோதி. அக்காவுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், அந்த வயிற்றெரிச்சல் என்று பேசிக்கொண்டார்கள். பானு கழற்றிக் கொடுத்த பூவை ஷெட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணை மூடி மூக்கோடு வைத்துக்கொண்டு அக்கா நின்றதை ஜோதியே பார்த்தாளாம்.

“ஆசை விடலை பாரு.”

அதைக் கேட்ட மறுநாள் பானு பூவை எடுக்கவில்லை.

“அவரு வச்சுவிட்டது அக்கா. எடுக்க மாட்டேன்.”

அக்கா கதவைத் திறந்தாள். கம்பிவலை வழியே வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. வரிசையாக நின்ற சிலிண்டர்கள் இன்னும் தூக்கம் கலையாத பிள்ளைகள் மாதிரி இருந்தன. புதுசாக மாட்டின சிலிண்டரின் வால்வைத் திறந்துவிட்டு, அக்கா வழக்கம்போலக் கேட்டாள்.

“வாடை வருதா?”

“கதம்ப வாசம்தான் வருது,” என்றாள் பானு குத்தலாக.

அக்கா கோபப்படவில்லை. கிட்டே வந்து, தூங்குகிற குழந்தை தலையிலிருந்து எடுப்பதுபோல் பூவை மெல்ல உருவினாள். வெளியே திண்டில் வைத்துவிட்டு வந்தாள்.

“இப்ப?”

பானு மூச்சை இழுத்தாள். கதம்பம் விலகின இடத்துக்கு, தரையோரமாக ஏதோ ஊர்ந்து வந்தது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி.

“அக்கா, கேஸ்.”

அக்காவின் கை வால்வுக்குப் பறந்தது. உள்ளே அடுப்புப் பற்றவைக்கப் போன பெண்களை, தீக்குச்சி உரசாமல், சுவிட்சைத் தொடாமல் வெளியே வரச் சொன்னாள். காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும்வரை வேப்பமரத்தடியில் நின்றார்கள். அப்புறம் பார்த்தால், இணைப்பு வாஷரில் கீறல். மாற்றிவிட்டு சோப்பு நுரை தடவினாள். ஒரு குமிழிகூட எழும்பவில்லை.

பானு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“வால்வுகிட்டயே நின்னீங்களே, உங்களுக்கு வாடை வரலையாக்கா?”

அக்கா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். முதலாளியிடம் இன்றைக்கே தானே சொல்லிவிடுவதாகவும், வேலை போய்விடுமோ என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னாள்.

பிறகு திண்டில் இருந்த கதம்பத்தை எடுத்து, ஒரு தடவை முகர்ந்துவிட்டு, பானு தலையில் வைத்துவிட்டாள்.

“காய்ச்சல்ல போன மூக்கு பானு. திரும்பி வந்துடுச்சான்னுதான் தினம் உன் பூவை மோந்து பாக்கறேன்.”